முஸல்லாவும் மினா ரயிலும்
வளைகுடா நாடுகளும் சீனாவும் கைகோத்த கதை



தொழுகை முடிந்து முஸல்லாவை மடித்து வைக்கும்போது அதன் ஓரத்தில் தைத்திருக்கும் சிறு துணித்துண்டை எப்போதாவது வாசித்திருக்கிறீர்களா? ஹஜ்ஜுக்குப் போன உம்மும்மா ஆசையோடு வாங்கி வந்த முஸல்லா சீனாவில் நெய்யப்பட்டதாக இருக்கலாம். பக்கத்திலிருக்கும் தஸ்பீஹ் மணியும், மகளின் ஹபாயாத் துணியும் அங்கிருந்தே வந்திருக்கலாம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மக்காவின் கடைத்தெருவுக்கும் சீனாவின் தொழிற்சாலைகளுக்கும் இடையில் இன்று ஒரு பெரும் பாதை உண்டு என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

அண்மைக் காலத்தில் ஹஜ் செய்தவர்களிடம் மினா ரயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மினா, முஸ்தலிபா, அரபா ஆகிய மூன்று இடங்களிலும் மும்மூன்றாக ஒன்பது நிலையங்கள். சுமார் 18 கிலோமீற்றர் தூரம். ஆண்டில் ஹஜ்ஜுடைய சில நாட்களுக்கு மட்டுமே ஓடும் இந்த ரயில் பாதையை அமைத்தது சீன அரசுக்குச் சொந்தமான ரயில்பாதை நிர்மாண நிறுவனமாகும். 2009இல் ஒப்பந்தமாகி 2010ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்கு அது ஓடத் தொடங்கியது. இந்த வேலையில் தனக்கு 400 கோடி யுவானுக்கு மேல் நட்டம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. ஆனாலும் அது வளைகுடாவை விட்டுப் போய்விடவில்லை. 2022இல் உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டி நடந்த கட்டாரின் லுசைல் மைதானத்தைக் கட்டியதிலும் அதற்குப் பங்குண்டு.

நட்டப்பட்டும் ஏன் நிற்கிறார்கள்? வளைகுடாவுக்கும் சீனாவுக்கும் அப்படி என்னதான் தேவை? நம் கணவரோ, மகனோ, சகோதரியோ உழைக்கும் நாடுகளைப் பற்றிய கேள்வி இது. எனவே நாமும் சற்று விளங்கி வைத்திருப்பது நல்லது.

ஆறு நாடுகள், ஒரு சபை

வளைகுடா ஒத்துழைப்புச் சபை 1981 மே 25ஆம் திகதி அபுதாபியில் உருவானது. சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு இராச்சியம், கட்டார், பஹ்ரைன், ஓமான் ஆகிய ஆறும் அதன் உறுப்பு நாடுகள். தலைமையகம் ரியாதில் இருக்கிறது. 1979இல் ஈரானில் புரட்சி நடந்திருந்தது. 1980இல் ஈரான் - ஈராக் யுத்தம் மூண்டிருந்தது. எண்ணெய் வளம் அதிகமும், சவூதியைத் தவிர மற்றவற்றில் சொந்த மக்கள் தொகை குறைவுமான இந்நாடுகள், தனித்தனியே நிற்பதை விட ஒன்றாக நிற்பதே பாதுகாப்பு என்று கருதின.

பாதுகாப்புக்கு அவை பெரிதும் நம்பியது ஐக்கிய அமெரிக்காவைத்தான். 1945 பெப்ரவரியில் மன்னர் அப்துல் அஸீஸும் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் சுயஸ் கால்வாய்ப் பகுதியில் ஒரு போர்க்கப்பலில் சந்தித்த நாள் தொட்டு வளர்ந்த உறவு அது. 1990 ஓகஸ்டில் சதாம் ஹுஸைனின் படைகள் குவைத்தைப் பிடித்தபோது அமெரிக்கா தலைமையிலான படைகளே அதை மீட்டன. அந்த நாட்களை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். குவைத்தில் வேலை செய்த நம் நாட்டுப் பெண்கள் உடுத்த துணியோடு ஜோர்தான் வழியாக வீடு திரும்பிய காலம் அது.

2003 ஜனவரியில் இந்த ஆறு நாடுகளும் சுங்க ஒன்றியமாக இணைந்தன. வெளியிலிருந்து வரும் பெரும்பாலான பொருட்களுக்கு ஆறும் ஒரேயளவாக 5 சதவீதத் தீர்வை விதிப்பது என்று முடிவாயிற்று. இனி வெளியாரோடு வியாபாரம் பேசுவதானாலும் ஒரே குரலில் பேச வேண்டும் என்பதே இதன் கருத்து.

சீனா வந்த வழி

சீனாவுடன் இந்நாடுகளின் உறவு ஒரே நாளில் ஏற்பட்டதல்ல. 1971இல் குவைத் முதலில் இராஜதந்திர உறவு வைத்தது. பின்னர் 1978இல் ஓமான், 1984இல் ஐக்கிய அரபு இராச்சியம், 1988இல் கட்டார், 1989இல் பஹ்ரைன் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கடைசியாக 1990 ஜூலையில் சவூதி அரேபியா வந்தது. கம்யூனிச நாடு என்ற தயக்கமே இத்தனை தாமதத்துக்குக் காரணம்.

தயக்கத்தைப் போக்கியது எண்ணெய். ஒரு காலத்தில் சீனா தன் எண்ணெயை வெளிநாடுகளுக்கு விற்று வந்தது. தொழிற்சாலைகள் பெருகப் பெருக அது போதாமற் போயிற்று. 1993இல் விற்பதை விட அதிகமாக வாங்கும் நாடாக சீனா மாறியது. 2021ஆம் ஆண்டில் இந்த ஆறு நாடுகளிடமிருந்து மட்டும் 20 கோடி தொன்னுக்கு மேல் மசகு எண்ணெய் வாங்கியது. அவ்வாண்டில் இரு தரப்புக்கும் இடையிலான மொத்த வியாபாரம் 23,000 கோடி டொலரைத் தாண்டியது.

வாங்குவதோடு நிற்காமல் இரு தரப்பும் சேர்ந்து முதலீடும் செய்தன. செங்கடல் கரையில் யன்புவில் சவூதி அரம்கோவும் சீனாவின் சினொபெக் நிறுவனமும் சேர்ந்து கட்டிய சுத்திகரிப்பு நிலையத்தை, 2016 ஜனவரியில் மன்னர் ஸல்மானும் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் திறந்து வைத்தனர். நாளொன்றுக்கு 4 இலட்சம் பீப்பாய் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை அது. 2022 நவம்பரில் கட்டார், ஆண்டுக்கு 40 இலட்சம் தொன் திரவ எரிவாயுவை 27 ஆண்டுகளுக்கு சினொபெக்குக்கு வழங்க உடன்பட்டது. இன்று பிறக்கும் குழந்தை வளர்ந்து கல்யாணம் முடிக்கும் வயது வரை நீளும் கொடுக்கல் வாங்கல் இது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. எண்ணெய் எப்போதும் இதே போல் விலைபோகும் என்று வளைகுடா நாடுகள் நம்பியிருக்கவில்லை. 2024இன் பிற்பகுதியில் சீனாவில் புதிதாக விற்கப்பட்ட கார்களில் ஏறத்தாழப் பாதி மின்சாரம் ஏற்றி ஓடக்கூடியவை. பெரிய வாடிக்கையாளரே எண்ணெயைக் குறைக்கப் பார்க்கும்போது விற்பவர் வேறு தொழில் தேடத்தானே வேண்டும்? அதற்கும் கைகொடுப்பது சீனாதான். 2019இல் இயங்கத் தொடங்கிய 'நூர் அபுதாபி' சூரிய மின்நிலையத்தில் பாலைவனத்தில் விரித்து வைத்தாற் போல 32 இலட்சம் சூரியத் தகடுகள் உள்ளன. அதில் ஒரு சீன நிறுவனம் பங்காளி.

ரியாதில் நடந்த சந்திப்பு

2022 டிசெம்பரில் ஷி ஜின்பிங் ரியாதுக்கு வந்தார். டிசெம்பர் 9ஆம் திகதி வளைகுடா ஒத்துழைப்புச் சபைக்கும் சீனாவுக்கும் இடையிலான முதலாவது உச்சிமாநாடு நடந்தது. அதே நாளில் அரபு நாடுகள் எல்லாவற்றுடனும் இன்னொரு மாநாடு. 2023 முதல் 2027 வரைக்குமான கூட்டுச் செயற்திட்டம் ஒன்றுக்கு உடன்பாடு காணப்பட்டது. எண்ணெய் வியாபாரத்தில் டொலருக்குப் பதிலாக சீன யுவானையும் பயன்படுத்துவோம் என்று ஷி அழைப்பு விடுத்தார். வளைகுடா நாடுகளில் குவைத்தைத் தவிர ஏனையவற்றின் நாணயங்கள் டொலரோடு கட்டப்பட்டவை. ஆகவே அந்த அழைப்பை எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ளவில்லை.

அம்மாநாட்டின் கூட்டறிக்கையில் ஒரு பந்தி பெரிய சலசலப்பை உண்டாக்கியது. அபூ மூஸா, பெரிய துன்பு, சிறிய துன்பு என்ற மூன்று தீவுகள் ஈரானின் கையில் இருக்கின்றன. ஐக்கிய அரபு இராச்சியம் அவற்றைத் தன்னுடையவை என்கிறது. இந்தப் பிணக்கைப் பேச்சுவார்த்தை மூலம் தீர்க்க வேண்டும் என்று சீனாவும் கையெழுத்திட்டது. ஈரான் கோபங்கொண்டு சீனத் தூதுவரை அழைத்துத் தன் கண்டனத்தைத் தெரிவித்தது. ஈரானும் சீனாவின் நண்பன்தானே! இரண்டு சம்பந்திகளுக்கு நடுவில் அகப்பட்ட மாமியின் நிலை சீனாவுக்கு.

ஆனால் மூன்றே மாதங்களில் உலகம் வியந்து பார்த்த ஒரு காரியம் நடந்தது. 2016 ஜனவரியில் முறிந்துபோன சவூதி - ஈரான் உறவு, 2023 மார்ச் 10ஆம் திகதி பீஜிங்கில் மீண்டும் ஒட்டவைக்கப்பட்டது. அதற்கு முன்னரே ஈராக்கும் ஓமானும் இரு தரப்பையும் பலமுறை ஒரே மேசையில் இருத்தியிருந்தன. அந்தப் பாடுபாட்டைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. எனினும் இரு நாடுகளிடமும் எண்ணெய் வாங்கும் சீனாவின் முன்னிலையிலேதான் கையெழுத்து விழுந்தது. இரண்டு வீட்டாரும் பகைத்தால் இரண்டு வீட்டிலும் கடன் உள்ளவனுக்குத்தான் நித்திரை வராது.

கையெழுத்தாகாத உடன்படிக்கை

இத்தனை நெருக்கம் இருந்தும் ஒரு முக்கியமான காரியம் மட்டும் முடியவில்லை. அதுதான் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை. உன் பொருளுக்கு நான் தீர்வை போடமாட்டேன், என் பொருளுக்கு நீயும் போடாதே என்பதே இதன் சுருக்கம். 2004இல் இதற்கான பேச்சு ஆரம்பித்தது. 2009 அளவில் நின்றுபோனது. 2016இல் மீண்டும் சூடு பிடித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் சவூதியும் ஐக்கிய அரபு இராச்சியமும் பஹ்ரைனும் கட்டாரோடு உறவை முறித்து எல்லைகளை மூடின. வீட்டுக்குள்ளேயே சண்டை என்றால் வெளியாரோடு கலியாணம் பேசுவது எப்படி? 2021 ஜனவரியில் அல்-உலா நகரில் அந்தப் பிணக்கு தீர்ந்த பின்னரே வழி மீண்டும் திறந்தது.

சண்டை மட்டும் காரணமல்ல. வளைகுடாவிடம் எண்ணெயையும் எரிவாயுவையும் தவிர விற்பதற்கு இருக்கும் பெரிய சரக்கு, அவற்றிலிருந்து செய்யப்படும் பிளாஸ்டிக் மூலப்பொருட்கள். நம் வீட்டுத் தண்ணீர்ப் போத்தலும் வாளியும் பொலித்தீன் பையும் இத்தகைய மூலப்பொருட்களிலிருந்தே செய்யப்படுகின்றன. சவூதியின் ஸாபிக் போன்ற நிறுவனங்களுக்கு மூலப்பொருள் காலடியில் கிடைப்பதால் மலிவாகச் செய்ய முடிகிறது. தீர்வையை நீக்கிவிட்டால் தன் ஆலைகள் போட்டியிட முடியாது என்று சீனா முதலில் அஞ்சியது. பின்னர் அச்சம் மறுபக்கம் திரும்பியது. 2016இல் 'விஷன் 2030' என்ற திட்டத்தை அறிவித்த சவூதி, தன் நாட்டிலேயே கார் முதற்கொண்டு எல்லாம் செய்ய விரும்புகிறது. மலிவான சீனப் பொருட்கள் வெள்ளம் போல் வந்தால் பிறந்த குழந்தை போன்ற அந்தத் தொழில்கள் மூழ்கிவிடுமே என்று சவூதி தயங்குவதாக 2024இல் செய்திகள் வெளிவந்தன.

முடியவே முடியாத காரியமும் அல்ல இது. சிங்கப்பூர் என்ற சின்னஞ்சிறு நாடு 2008இலேயே இந்தச் சபையுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் பொருட்களைக் கண்டு யாரும் அஞ்சவில்லை. சீனா பெரிய நாடு, அதனால்தான் இழுபறி. 2025 மே 27ஆம் திகதி கோலாலம்பூரில் வளைகுடா நாடுகளும், ஆசியான் நாடுகளும், சீனாவும் முதன்முறையாக ஒரே மண்டபத்தில் கூடின. அங்கும் விரைவில் முடிப்போம் என்ற வார்த்தைதான் கிடைத்தது. அப்போது பேச்சு தொடங்கி 20 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஒரே குரலில் பேசுவது என்ற தீர்மானத்துக்கும் சோதனை வராமலில்லை. பஹ்ரைன் 2004இலும் ஓமான் 2006இலும் அமெரிக்காவுடன் தனியாக உடன்படிக்கை செய்தன. சவூதி அதை விரும்பவில்லை. 2022இல் ஐக்கிய அரபு இராச்சியம் இந்தியாவுடன் தனியாக ஒன்றைச் செய்துகொண்டது. கூட்டாக நின்றால் நல்ல விலை பேசலாம்; தனியாகப் போனால் விரைவாக முடிக்கலாம். எந்தக் கூட்டுக் குடும்பத்திலும் இருக்கும் பிரச்சினைதான் இது.

பேசாமல் விடப்பட்டவர்கள்

சகோதரிகளே, இந்த நட்பின் கணக்கில் ஒரு செலவுப் பக்கமும் உண்டு. சீனாவின் மேற்கே ஷின்ஜியாங் மாநிலத்தில் வாழும் உய்குர் முஸ்லிம்களின் துயரத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022 ஓகஸ்டில் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அங்கு பாரதூரமான உரிமை மீறல்கள் நடந்ததாகக் கூறியது. தீவிரவாதத்தை ஒழிக்கும் நடவடிக்கையே அது என்று சீனா மறுத்தது.

வளைகுடா நாடுகள் என்ன செய்தன? 2019 ஜூலையில் சீனாவின் கொள்கையை ஆதரித்து ஐ.நா.வுக்கு அனுப்பப்பட்ட கடிதத்தில் இந்த ஆறு நாடுகளின் பெயரும் இருந்தது. பின்னர் கட்டார் மட்டும் தன் பெயரை விலக்கிக்கொண்டது. 2022 ஒக்டோபரில் அந்த அறிக்கையைப் பற்றி விவாதிக்கவாவது வேண்டும் என்ற பிரேரணை மனித உரிமைகள் பேரவையில் இரண்டு வாக்குகளால் தோற்றது. எதிர்த்து வாக்களித்த நாடுகளில் ஐக்கிய அரபு இராச்சியமும் கட்டாரும் அடக்கம்.

பிறர் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்பது அவர்கள் கூறும் நியாயம். சீனாவும் அவர்களின் உள்விவகாரங்களைப் பற்றிக் கேட்பதில்லை. இரு தரப்பும் ஒருவரையொருவர் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்க முடியாது. ஆனால் இந்தக் கணக்கில் உய்குர் தாயொருத்தியின் கண்ணீர் எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

காவல் ஒருவர், வியாபாரம் ஒருவர்

அப்படியானால் வளைகுடா அமெரிக்காவை விட்டுச் சீனாவின் பக்கம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். அப்படி நினைப்பது தவறு. பஹ்ரைனில் அமெரிக்கக் கடற்படையின் ஐந்தாவது பிரிவு, கட்டாரின் அல் உதைதில் பெரிய விமானத் தளம் என்று காவல் வேலையை அமெரிக்காவிடமே கொடுத்து, வியாபாரத்தைச் சீனாவோடு பெருக்கிக்கொண்டார்கள். அந்தக் காவலும் குறையில்லாததல்ல. 2025 செப்டெம்பரில் இஸ்ரேல் கட்டாரின் தலைநகர் தோஹாவில் குண்டு வீசியபோது அமெரிக்கத் தளம் இருந்தும் அது தடுக்கப்படவில்லை. ஒரே கதவை நம்பியிருக்கக் கூடாது என்ற எண்ணம் இத்தகைய சம்பவங்களால் வலுக்கிறது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தெவுந்தரைக் கரையில் இரவில் நின்று பாருங்கள். தென்கடலில் வரிசையாக வெளிச்சம் நகரும். அந்தக் கப்பல்களில் பல, ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டி வளைகுடா எண்ணெயைக் கிழக்கே கொண்டு செல்பவை. இந்தப் பாதை புதியதுமல்ல. யுன்னான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடற்படைத் தளபதி ஷெங் ஹே, 1405 முதல் 1433 வரை ஏழு முறை பெருங் கப்பற் கூட்டத்துடன் இந்து சமுத்திரத்தைச் சுற்றினார். ஹோர்முஸ் வரை அவர் கப்பல்கள் போயின. 1409ஆம் ஆண்டு என்று பொறித்து அவர் கொண்டுவந்த கல்வெட்டு 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்த அந்தக் கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்றால் மறக்காமல் காட்டுங்கள்.

பெரிய நாடுகளுக்கு நடுவில் பேரம் பேசிய அனுபவம் நமக்கும் உண்டு. 1952இல் கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அரிசிக்குத் தட்டுப்பாடு, நம் இறப்பருக்கோ நல்ல விலையில்லை. இராஜதந்திர உறவு கூட இல்லாத சீனாவுடன், இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தத்தை இலங்கை செய்தது. அமெரிக்கா முகஞ்சுளித்து உதவியை நிறுத்தியபோதும் அரசு பின்வாங்கவில்லை. கூப்பன் அரிசி உண்டு வளர்ந்த நம் மூத்தவர்களுக்கு அந்த அரிசியின் அருமை தெரியும்.

இன்று நாம் வளைகுடாவுக்கு அனுப்புவது இறப்பரை அல்ல, மனிதர்களை. 1990களில் இவ்வாறு போனவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். எண்ணெயை விற்க ஆறு நாடுகள் ஒரு சபையாகக் கூடிப் பேசுகின்றன. உழைப்பை விற்கும் இலங்கை, இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளோ தனித்தனியாகவே பேரம் பேசி வந்திருக்கின்றன. 2007இல் பிலிப்பைன்ஸ் தன் பணிப்பெண்களுக்கு மாதம் 400 டொலருக்குக் குறையக் கூடாது என்று விதித்தது. இப்படி ஒரு நாடு சம்பளத்தை உயர்த்தினால், எசமானர்கள் மலிவாகக் கிடைக்கும் இன்னொரு நாட்டை நாடலாம். எல்லா நாடுகளும் சேர்ந்து விதித்தால் எங்கே போவார்கள்? 2003இல் தொழிலாளரை அனுப்பும் ஆசிய நாடுகள் கொழும்பில் கூடி 'கொழும்புச் செயன்முறை' என்ற அமைப்பைத் தொடங்கின. நல்ல ஆரம்பம். ஆனால் அதன் தீர்மானங்கள் யாரையும் கட்டுப்படுத்துவதில்லை.

எண்ணெய் பூமியில் கிடக்கும். விற்காவிட்டால் அங்கேயே கிடக்கும். உழைப்பு அப்படியல்ல. பிள்ளையை உம்மாவிடம் விட்டுப் போன ஒரு பெண்ணின் இரண்டு ஆண்டுகள் திரும்பி வரப்போவதில்லை. அந்த இரண்டு ஆண்டுகளுக்கு நல்ல விலையும், நல்ல பாதுகாப்பும், தவறாமல் சம்பளமும் வாங்கிக் கொடுக்கும் உடன்படிக்கைகளை நம் நாடு அயல்நாடுகளோடு சேர்ந்து கேட்கிறதா? வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருபவர்களிடம் பாதையையும் பாலத்தையும் கேட்கிறோம். இனி இதையும் கேளுங்கள்.

அடுத்த முறை தொலைபேசியில் குவைத்திலிருந்தோ ரியாதிலிருந்தோ மகள் பேசும்போது சுகம் விசாரித்த பின், கையில் தந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதன் பிரதி தன்னிடம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நாடுகள் தம் ஒப்பந்தங்களை எழுத்தெழுத்தாகப் பார்த்து 20 ஆண்டுகள் பேசுகின்றன. நம் பிள்ளையின் ஒப்பந்தத்தை நாமும் ஒரு முறை வாசித்துப் பார்ப்போமே.